பழைய எழுதுமேசையின் ஊரும் பேரும்



சிலாபத்தைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, முந்தலைத் தாண்டிப் பாலாவியை அடைகின்றது. அங்கே ஒரு கிளை புத்தள நகருக்குப் போக, மற்றொரு கிளை களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டை நோக்கித் திரும்புகின்றது. இவ்வழியில் உள்ள பழைய வீடுகளின் முன்விறாந்தைகளிலும், தென்னந்தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமாரின் அறைகளிலும், கோயில் மேற்றிராசன மனைகளிலும், பள்ளிக்கூடங்களின் களஞ்சியங்களிலும் பாரமான எழுதுமேசைகள் இன்றும் கிடக்கக் காணலாம். மேலே மை சிந்திய கறை. பக்கங்களில் மூன்று மூன்றாக லாச்சிகள். சாவி தொலைந்த பூட்டு. இது யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "ஒல்லாந்தர் காலத்துச் சாமான்!"

இந்த விடையை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இப்பொருள்களை நாம் அழைக்கும் சொற்களே அந்நியர் விட்டுச் சென்றவை. மேசை, கதிரை, அலுமாரி, சாவி ஆகிய நான்கும் போர்த்துக்கேயச் சொற்கள். மேசைக்குள் இழுத்து மூடும் பெட்டியை நாம் லாச்சி என்கிறோம். சிங்களத்தவர் லாச்சுவ என்கின்றனர். இரண்டும் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தவை. அந்த மேசை கிடந்த இடத்துக்குப் பெயர் கந்தோர். அதுவும் ஒல்லாந்தரின் சொல்லே. கற்பிட்டியில் அவர்கள் 1667ஆம் ஆண்டு முதல் 1676 வரை கட்டிய கோட்டை இன்றும் கண்முன் நிற்கின்றது. சொல் ஒல்லாந்தம், கோட்டை ஒல்லாந்தம். ஆகவே மேசையும் ஒல்லாந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் தாவி விடுகின்றது. சொல்லுக்கு வயது 300 ஆகலாம். அச்சொல்லால் சுட்டப்படும் மரத்துக்கு 70 வயதே ஆகியிருக்கலாம் அன்றோ!

கற்பிட்டியை ஆங்கிலேயர் கைப்பற்றியது 1795இல். மறு ஆண்டில் கொழும்பும் அவர்கள் வசமாயிற்று. ஆகவே உண்மையான ஒல்லாந்தர் கந்தோர் மேசை என்றால் அதற்கு இன்று இருநூற்று முப்பது வயதுக்கு மேல் ஆகியிருத்தல் வேண்டும். அத்தகைய பொருள்கள் இல்லாமற் போகவில்லை. கொழும்புப் புறக்கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். ஆர்.எல். புரோகியர் அவர்கள் அக்காலத்துத் தளபாடங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அது 1969இல் வெளியாயிற்று. கருங்காலியிலும், இப்போது காட்டில் காண்பதற்கே அரிதாகிவிட்ட கலமந்தர் மரத்திலும், முதிரையிலும் செய்யப்பட்ட அப்பொருள்களின் கடைசலும் செதுக்கு வேலையும் ஒருமுறை கண்டவர் கண்ணை விட்டு அகலா. நம் விறாந்தையில் கிடக்கும் மேசையோ நேர்க்கோடுகளாலானது, பூவேலை அற்றது, இருபுறமும் லாச்சி அடுக்கும் நடுவே கால் நுழைக்க இடமும் கொண்டது. இந்த அமைப்பு இந்நாட்டில் ஆங்கிலேயரின் கந்தோர்களோடு பரவியது. அதிலும் நம் கரையில் கிடப்பவற்றுட் பெரும்பாலானவை 1930க்கும் 1970க்கும் இடைப்பட்ட காலத்தவை என்பதே பொருள்களைப் புரட்டிப் பார்ப்பவர் வந்தடையும் முடிவு.

"எக்காலத்ததாயின் என்ன, மேசை மேசைதானே?" என்று நேயர்கள் கேட்கலாம். வியாபாரியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். பழைய தளபாடம் வாங்குவோர் லொறியோடு இக்கரை நெடுகிலும் வருகின்றனர். வாங்கும் வாசலில் அது "உளுத்துப்போன பழம் பலகை". விற்கும் கடையில் அதுவே "ஒல்லாந்தர் காலத்து அரும்பொருள்". இவ்விரு பெயர்களுக்கும் நடுவேயுள்ள இலாபம் சிறிதன்று. சட்டமும் இதில் தலையிடுகின்றது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளை ஓர் எல்லையாக வைத்தது. அதற்கு முற்பட்ட பொருளை உரிமம் இன்றி நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லுதல் ஆகாது. 1955இல் செய்த மேசைக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஆகவே அதன் ஊரையும் பேரையும் நிறுவி வைக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரரையே சார்ந்தது.

கற்பிட்டி வீடொன்றில் அத்தகைய மேசை ஒன்று இருக்கின்றதென்று கொள்வோம். நீளம் நாலரை அடி, அகலம் இரண்டரை அடி, உயரம் 30 அங்குலம். இந்த அளவுகளே முதற் சாட்சி. நம் நாடு 1970களில் மீற்றர் அளவைக்கு மாறியது. அங்குலத்தில் முழு எண்ணாக வரும் மேசை அதற்கு முன்னைய கைவழக்கில் பழகிய தச்சரின் வேலையாக இருத்தல் கூடும். ஆனால் அங்குலக் கோலைக் கைவிடாத முதிய ஓடாவிமார் அதன் பின்னரும் பல்லாண்டு இருந்தனர். ஆகையால் இச்சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது.

அடுத்து, லாச்சிகளை வெளியே எடுத்து, மேசையைத் தலைகீழாகப் புரட்டுதல் வேண்டும். மேசையின் முகம் விருந்தினருக்காக இழைக்கப்பட்டது. உண்மை அதன் அடியில் இருக்கின்றது. மேற்பலகைக்கு மெருகு ஏற்றிய தச்சர் அடிப்பலகையை அப்படியே விட்டிருப்பார். அங்கேதான் வாளின் தடம் தெரியும். குழியில் இருவர் நின்று அறுத்த பலகையில் கோடுகள் நேராகவும் சற்று ஒழுங்கின்றியும் ஓடும். வட்டவாள் ஓடிய ஆலைப் பலகையில் வில் போன்ற வளைந்த கோடுகள் ஒரே சீராக விழுந்திருக்கும். கையை வைத்துத் தடவினால் கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். இழைப்புளி சென்ற பலகையில் மெல்லிய அலை போன்ற ஏற்ற இறக்கம் இருக்கும். இயந்திரத்தில் இழைத்த பலகையில் அது இராது.

மரம் எது என்பது மிக முக்கியமான கேள்வி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றேன். புத்தளத்தின் உட்பகுதிக் காடுகள் வறண்ட வலயக் காடுகள். பாலையும் வீரையும் முதிரையும், சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சாவண்டலையும் அவற்றின் பெருமரங்கள். பாலை இரும்புக்கு ஒப்பானது, நீரிலிட்டால் தாழும், வீட்டு வளைக்கும் தூணுக்கும் ஏற்றதேயன்றி லாச்சி செய்வதற்கு ஏற்றதன்று. முதிரை மஞ்சள் கலந்த வெண்மையும் பட்டுப் போன்ற மினுக்கும் உடையது, அதுவும் பாரமானதே. சாவண்டலை வளைந்து கொடுக்கும் தன்மையால் படகுக்கும் வண்டிக்கும் பீப்பாய்க்கும் பெரிதும் விரும்பப்பட்டது. ஈரவலயத்து மரமாகிய பலாவோ வெட்டிய புதிதில் பளிச்சென்ற மஞ்சளாக இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன் நிறமும் பின்பு ஆழ்ந்த பழுப்பும் அடையும். பலர் இதைத் தேக்கு என்றே எண்ணி விடுகின்றனர். லாச்சியின் உட்புறத்தில் வெளிச்சம் படாத ஓரிடத்தைப் பார்த்தால் அந்த மஞ்சள் இன்னும் ஒளிந்திருப்பதைக் காணலாம்.

தேக்கு இந்நாட்டுக்கு உரிய மரமன்று. ஒல்லாந்தர் காலத்தில் வந்து பின்பு அரசாங்கத் தோட்டங்களில் வளர்க்கப்பட்டது. புதிதாகச் சுரண்டிய தேக்கில் எண்ணெய்ப் பசையும் தோல் போன்ற ஒரு மணமும் உண்டு. மகோகனி 19ஆம் நூற்றாண்டில் வந்தது, செந்நிறம் கொண்டது. ஆகவே மகோகனி மேசையை ஒருவர் ஒல்லாந்தர் மேசை என்று கூறின், அவரிடம் மேற்கொண்டு பேசி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

மேற்பலகை ஒரு மரமாகவும் உட்பலகை வேறு மரமாகவும் இருப்பது மிகவும் பயன் தரும் சாட்சி. நல்ல மரத்தைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வைத்துக்கொண்டு, மறைவான இடங்களுக்கு அவ்வூரில் மலிவாகக் கிடைத்ததைத் தச்சர் இடுவது வழக்கம். லாச்சியின் அடியில் இலேசான மலைவேம்பு இருந்தால், அது தெற்கே ஈரவலயத்து ஊரொன்றில் உருவாகியிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. வேம்பும் முதிரைத் துண்டுகளும் இருந்தால் வறண்ட பிரதேசத்துத் தச்சரை நினைக்கலாம். அந்த அடிப்பலகை ஒட்டுப்பலகையாக இருப்பின் ஒல்லாந்தர் கதை அத்தோடு முடிந்தது. அங்கே இன்னொரு பொறியும் உண்டு. தேயிலைப் பெட்டியைப் பிரித்தெடுத்த ஒட்டுப்பலகையை லாச்சிக்கு இடுவது சிக்கனமான வழி. அப்பலகையில் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றின் பெயர் கறுப்பு மையில் அச்சடிக்கப்பட்டிருந்தால், மேசை அத்தோட்டத்திலிருந்து வந்தது என்று எண்ணுதல் ஆகாது. தேயிலைதான் அங்கிருந்து வந்தது. பெட்டி எத்தனையோ கைகள் மாறியிருக்கும்.

இனிப் பொருத்துகளைப் பார்ப்போம். நல்ல வேலையில் லாச்சியின் முகப்பும் பக்கமும், விரிந்த புறா வாலைப் போல வெட்டி ஒன்றினுள் ஒன்று கோக்கப்பட்டிருக்கும். இந்த வால்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டிருந்தால் கைவேலை; எல்லாம் அச்சில் வார்த்தாற்போல ஒரே அளவாகவும் நெருக்கமாகவும் இருந்தால் இயந்திர வேலை. வால்களின் அடியில், எதுவரை வெட்டுவதென்று அடையாளமிட்ட மெல்லிய கீறற் கோடு தெரிந்தால், அதைக் கீறிய கையை நாம் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டோம் என்று கொள்ளலாம்.

கடற்கரை மேசைகளில் இரும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக் காற்று இரும்பை விடாது. ஆணி துருப்பிடித்து வீங்கிப் பலகையைப் பிளக்கும். மரத்திலுள்ள துவர்ப்பொருளோடு சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை படரும். இக்காரணத்தால் பிணைச்சலும் பூட்டும் கைப்பிடியும் ஒருமுறையன்றிப் பலமுறை மாற்றப்பட்டிருக்கும். புதிய பிணைச்சலைக் கண்டு மேசையும் புதியது என்று கூறுவோர் இதை மறந்துவிடுகின்றனர். புதிய பிணைச்சலின் பக்கத்தில் அடைக்கப்பட்ட பழைய துளைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். ஒரு துளையும் இல்லையெனில் அதுவே முதற் பிணைச்சல். பித்தளைத் திருகாணி இட்டிருந்தால், செய்வித்தவர் கடற்கரை வாழ்வை அறிந்து கூடுதலாகப் பணம் கொடுத்தவர். திருகாணியின் தலையில் ஒற்றைப் பள்ளம் இருப்பது நீண்ட கால வழக்கம். சிலுவைப் பள்ளம் அமெரிக்காவில் 1930களில் வந்து, போருக்குப் பின்னரே எங்கும் பரவியது. நம் மேசையில் அது காணப்படின் பெரும்பாலும் பிற்காலத்துப் பழுதுபார்ப்பின் அடையாளம். மேசையின் காலடியைப் பார்க்கவும் மறத்தலாகாது. கறையானுக்கும் எறும்புக்கும் அஞ்சிக் கால்களை நீர் நிறைந்த தகரப் பேணிகளில் நிறுத்தி வைத்த வீடுகளில், கால்களைச் சுற்றி ஒரே உயரத்தில் வளையம் போலக் கறை படிந்திருக்கும்.

பூட்டு எழுத்தறிந்த சாட்சி. ஆயினும் அது சில வேளை பொய் சொல்லும். மரப்பெட்டிப் பூட்டுகளிற் பல இங்கிலாந்தில் வில்லன்ஹோல், வுல்வர்ஹம்ப்டன் ஆகிய நகரங்களிலிருந்து வந்தவை. அவற்றின் முகத்தில் செய்தவர் பெயரும் "இங்கிலாந்தில் செய்யப்பட்டது" என்ற ஆங்கில எழுத்தும் பொறித்திருக்கும். இதைப் படித்துவிட்டு மேசையே கப்பலில் வந்ததென்று மகிழ்வோர் உண்டு. பூட்டுக் கப்பலில் வந்தது. மேசை மாட்டுவண்டியிலோ புகையிரதத்திலோ வந்திருக்கும். வேறொரு சிக்கலும் இருக்கின்றது. 1960களில் நம் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கடுமையாகி, இறக்குமதிகள் மிகவும் கட்டுப்படுத்தப்பட்டன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை அந்நிலை நீடித்தது. புதிய பூட்டுக் கிடைக்காத காலத்தில் உடைந்த பழைய மேசையின் பூட்டைக் கழற்றிப் புதிய மேசைக்கு இடுவதை எந்தத் தச்சர் விட்டு வைப்பார்? ஆகவே பூட்டின் வயது மேசையின் வயதுக்குச் சமமாகவும் இருக்கலாம்; முப்பது ஆண்டு கூடுதலாகவும் இருக்கலாம்.

பூச்செழுத்துகளுக்கு வருவோம். அரசாங்கக் கந்தோர்களில் உள்ள பொருள்களை ஆண்டுதோறும் எண்ணிச் சரிபார்க்கும் வழக்கம் உண்டு. அதற்காக மேசையின் பக்கத்திலோ லாச்சியின் பின்புறத்திலோ திணைக்களத்தின் முதலெழுத்துகளும் ஓர் இலக்கமும் வெள்ளைப் பூச்சில் எழுதப்படும். சி.ஜீ.ஆர். என்றால் இலங்கைப் புகையிரதப் பகுதி, பீ.டபிள்யூ.டீ. என்றால் பொதுவேலைப் பகுதி. புத்தளத்துக்குப் புகையிரதப் பாதை வந்தது 1926இல். நிலைய அதிபரின் மேசை ஒன்று ஏலத்தில் கைமாறி ஒரு வீட்டுக்குள் வந்திருப்பது வியப்பன்று. கச்சேரியும் உப்பளங்களும், 1960களின் இறுதியில் பாலாவியில் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலையும் இக்கரையில் மேசைகளை வாங்கியும் கழித்தும் வந்த பெரும் இடங்கள். நாட்டின் ஆங்கிலப் பெயர் "சிலோன்" என்பது 1972 மே 22இல் குடியரசு மலர்ந்தபோது மாறிற்று. ஆதலால் அப்பெயர் பொறித்த மேசை அதற்கு முந்தியது என்று பொதுவாகக் கொள்ளலாம். பொதுவாக என்று சொல்வதற்குக் காரணம், சில கூட்டுத்தாபனங்களும் சபைகளும் அப்பழைய பெயரை அதன் பின்னரும் நெடுங்காலம் வைத்திருந்தன.

பள்ளிக்கூட மேசைகளில் ஓர் இரட்டைக் கதை உண்டு. சிலாபம் முதல் கற்பிட்டி வரை கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய பாடசாலைகள் பல. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமாயின. அப்போது பழைய எழுத்தின் மேல் புதிய பூச்சுப் பூசி, அதன்மேல் புதிய இலக்கம் எழுதப்பட்டிருக்கலாம். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மேற்பூச்சின் கீழ் முந்தைய எழுத்துப் புடைத்துத் தெரிதல் கூடும். அவ்வாறு தெரிந்தால் மேசை 1960க்கு முந்தியது. உப்புத் தாளால் ஒருமுறை தேய்த்துவிட்டால் இந்த இரு கதைகளும் தூளாகிக் குப்பைக்குப் போய்விடும்.

இவ்வளவும் ஊரையும் காலத்தையும் காட்டின. பேரைக் காட்டுவது எது? அதிருஷ்டம் இருப்பின் ஒரு பித்தளைத் தகடோ, ஒட்டிய கடதாசிச் சீட்டோ கிடைக்கும். கொழும்பில் 1860இல் தொடங்கப்பட்ட எச். டொன் கரோலிஸ் நிறுவனம் தளபாடத் தொழிலில் நூற்றாண்டுப் பெயர் பெற்றது. அநகாரிக தர்மபாலவின் தந்தையார் நிறுவியது. அதன் பெயர் பொறித்த மேசை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் கார்கில்ஸ், மில்லர்ஸ் போன்ற பெரிய அங்காடிகளின் சீட்டு ஒட்டியிருப்பின் கவனம் வேண்டும். சீட்டு விற்றவருடையது, செய்தவருடையதன்று. சீட்டிலுள்ள முகவரியும் தொலைபேசி இலக்கமும் நல்ல தடயங்கள். இலக்கத்தில் எத்தனை எண்கள், தெருவின் பெயர் பழையதா புதியதா என்று பார்த்து, பெர்கியூசன் வெளியிட்டு வந்த இலங்கை விவரத்திரட்டின் ஆண்டு மலர்களோடு ஒப்பிட்டால் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் சுருக்கிவிடலாம். கொழும்பில் டரட் வீதி தர்மபால மாவத்தை ஆயிற்று. பழைய பெயர் தாங்கிய சீட்டு அம்மாற்றத்துக்கு முந்தியது.

சீட்டு ஒன்றும் இல்லாத மேசைகளே மிகுதி. அவற்றிற் பெரும்பகுதி மொறட்டுவையில் பிறந்தவையாக இருக்கலாம். தச்சுத் தொழிலே ஊர்த்தொழிலாக விளங்கும் அந்நகரத்துப் பட்டறைகள், கொழும்புக் கடைகளின் பெயரைத் தாங்கிச் சென்ற பொருள்களையும் செய்து கொடுத்தன. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். மேசையை வரைந்தவர் ஒருவர், மரத்தை அறுத்துச் செய்தவர் மற்றொருவர், பணம் கொடுத்துச் செய்வித்தவர் வேறு, விற்றவர் வேறு. "யார் செய்தது?" என்னும் ஒரே கேள்வியில் இந்நால்வரும் ஒளிந்திருக்கின்றனர்.

இக்குழப்பம் உலகறிந்த வழக்காக மாறியது இந்தியாவின் சண்டிகார் நகரத்தில். பஞ்சாபின் புதிய தலைநகராக 1950களில் அது எழுந்தபோது, லெ கொர்புசியேயின் உறவினரும் உடனுழைப்பாளருமான பியேர் ஜன்னரே 1951 முதல் 1965 வரை அங்கே தங்கி, கந்தோர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேண்டிய மேசை கதிரைகளை வரைந்தார். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞரும் அதில் பங்கு கொண்டனர். தேக்கிலும் சீசம் மரத்திலும் அவற்றைச் செய்தவர்களோ அப்பகுதியின் பற்பல பட்டறைத் தச்சர்கள். பின்னர் அவை பழசாகி, மாடிகளிலும் முற்றங்களிலும் குவிந்து, அரசாங்க ஏலங்களில் விறகு விலைக்குப் போயின. வாங்கியவர்கள் சீர்செய்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருந்தொகைக்கு விற்றனர். அப்போது மேசையின் பிறப்பை மெய்ப்பித்தது எது தெரியுமா? எழுதுவினைஞர் ஒருவர் அச்சுத்தகடு வைத்துப் பூசிய திணைக்கள எழுத்தும் இலக்கமுமே! இந்திய உள்துறை அமைச்சு 2011இல் இத்தளபாடங்களைப் பாதுகாக்குமாறு கட்டளையிட்டது. ஏமி சீகல் என்னும் கலைஞர், ஒரு மேசை மாளிகையிலிருந்து ஏலக்கடைக்கும் ஏலக்கடையிலிருந்து சண்டிகாருக்கும் பின்னோக்கிச் செல்லும் வழியை 2013இல் படமாக்கினார். விலை ஏறியதும் போலிகளும் புறப்பட்டன. புதிய பலகையைப் பழுதாக்கி, வெள்ளை எழுத்தையும் எழுதி விடுகின்றனர். வரைந்தவரின் பெயர் உலகெங்கும் ஒலிக்கின்றது. இழைத்தவர்களின் பெயர்களோ விலைப்பட்டியல்களில் ஏறுவதில்லை.

நம் கரையிலும் இப்போது ஒல்லாந்தர் பெயருக்குப் போட்டியாக இன்னொரு பெயர் கிளம்பியுள்ளது. மெலிந்து சாய்ந்த கால்களும், கைப்பிடிக்குப் பதிலாக விரல் நுழையும் வெட்டும் கொண்ட 1960களின் மேசையைக் கண்டால் "டென்மார்க்கு மேசை" என்கின்றனர். இதிலும் ஓர் அணு உண்மை உண்டு. உல்ரிக் பிளெஸ்னர் என்னும் டேனியக் கட்டடக் கலைஞர் 1958இல் இந்நாட்டுக்கு வந்து, முதலில் மினெட் டி சில்வாவுடனும் பின்பு ஜெப்ரி பாவாவுடனும் பணியாற்றி 1967 வரை இருந்தார். பாவாவும் அவரும் சேர்ந்து அமைத்த பொலொந்தலாவைத் தோட்ட வீடு, நம் கரையிலிருந்து உள்ளே செல்லும் தென்னை நாட்டில் பெரும் பாறைகளுக்கு நடுவே நிற்கின்றது; அது சுவிஸ் நாட்டுப் பாவர் நிறுவனத்தாரின் தோட்டம். அவர்கள் காலத்தில் வெளிநாட்டுப் பொருள் கிடைப்பது அரிது என்பதால் உள்ளூர் மரத்தையும் உள்ளூர்க் கையையுமே நம்ப வேண்டியிருந்தது. ஆகவே சாய்ந்த கால் மேசையில் டேனியச் சாயல் இருக்கலாம். உடல் பலாவாக இருந்தால், அதைப் பெற்ற தாய் இந்நாட்டவள்தான். பாவா வரைந்தது என்று கூறத் துணிவோர் கட்டடத்தின் வரைபடத்தையோ பற்றுச்சீட்டையோ காட்டுதல் வேண்டும். புத்தகத்தில் கண்ட படத்தை ஓடாவியிடம் காட்டிச் செய்வித்த மேசைக்கு அவர் பொறுப்பாளியாக மாட்டார்.

இனிக் கூறப்போவது விலையோடு தொடர்பில்லாத ஒன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் வீட்டையும் நிலத்தையும் விட்டுப் புறப்பட்டனர். மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியோர் பலர். புத்தள மாவட்டமே மிகப் பெருந்தொகையினருக்குப் புகலிடம் ஆயிற்று. கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டது அற்பம். எழுதுமேசையை யார் தூக்கி வருவார்? ஆகவே புத்தளத்தில் உள்ள ஒரு மேசையை "அந்த ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்தது" என்று விற்பவர் கூறின், அக்கூற்றை ஒருமுறைக்கு இருமுறை ஆராய வேண்டும். இதற்கு மறுதலையாக, 2009க்குப் பின் பழைய ஊருக்குப் போய்ப் பார்க்கும் ஒருவர், வேறொரு வீட்டுக் கூடத்தில் தம் தகப்பனாருடைய மேசையைப் போன்ற ஒன்றைக் கண்டால் என் செய்வார்? அவர் தேடுவது தச்சர் பெயரன்று, "இது எங்களுடையதுதானா?" என்பதே அவர் கேள்வி. அதற்கு மரத்தின் இனமும் பூட்டின் ஊரும் விடை சொல்லா. ஒரே பட்டறையில் ஒரே மாதிரியாகப் பல மேசைகள் செய்திருப்பார்கள். விடை சொல்வது வீட்டில் நேர்ந்தவை: இன்ன இடத்தில் இன்ன வடிவில் மைக்கறை; இடது முன்காலில் வைத்த ஒட்டு; நடு லாச்சிக்குள் சிறுபிள்ளை ஒருத்தி ஊசியால் கீறிய பெயர். கலியாணப் படம், முதற் பள்ளிக்கூட நாட் படம் என்று உறவினர் கையில் தப்பிக் கிடக்கும் புகைப்படங்களின் பின்னணியில் மேசையின் ஒரு மூலை விழுந்திருக்கலாம். அந்த மூலையிலுள்ள ஒரு முடிச்சும் மர இரேகையின் ஓட்டமும் கைரேகைக்கு ஒப்பானவை. இரண்டு பலகையில் ஒரே மாதிரி அமையா.

பேரைத் தேடும் வழிகளில் கடைசியாக நிற்பது பென்சில். தச்சர் தம் பெயரை மேசையில் எழுதுவது அரிது. ஆனால் கணக்கு எழுதுவார். எந்த லாச்சி எந்தக் குழிக்கு உரியது என்பதற்கு உளியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு இழுப்பார். பலகை அளவுகளை அடிப்பக்கத்தில் கூட்டிப் பார்ப்பார். "மேல்", "இடது" என்று குறித்து வைப்பார். அந்தக் குறிப்புச் சிங்களத்தில் இருக்கின்றதா, தமிழில் இருக்கின்றதா, அன்றி அரபு எழுத்தில் எழுதிய தமிழில் இருக்கின்றதா என்பதே பட்டறை எந்த ஊர்ப் பக்கம் இருந்தது என்பதற்கு வேறெந்தச் சாட்சியையும் விட நெருக்கமான விடை. இவ்வெழுத்து ஈரத் துணிக்கே அழியக்கூடியது. ஆகையால் மேசையைக் கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும் மெருகிடுவதற்கும் முன்னால், எல்லா லாச்சிகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் அடியையும் முதுகையும் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் பிடித்து வைத்தல் வேண்டும். ஊரில் தொழில் விட்டு வீட்டோடு இருக்கும் முதிய ஓடாவி எவரேனும் இருந்தால், அந்தப் படங்களை விட, லாச்சி ஒன்றையே அவரிடம் கொண்டு போய்க் கொடுப்பது மேல். அவர் அதைக் கையில் வாங்கியதும் முகப்பைப் பார்க்க மாட்டார். திருப்பி மூலையைத்தான் பார்ப்பார்.